தாழ்ப்பாள் பிரெஸ்ஸான்

இத்தாலியர்களுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கரிபால்டி. இன்னொருவர் எஜீதியோ பிரெஸ்ஸான்.

இதைச் சொன்னவர் எஜீதியோ பிரெஸ்ஸானேதான். ஆர்ஸெலாகோ கால்பந்துக் கழகத்தின் புதிய பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற அன்று, உள்ளூர்ப் பத்திரிகையின் ஒரே நிருபர் முன்னால், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் சொன்னார். நிருபர் கரிபால்டி என்று எழுதிவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எதிரே இருந்த முகத்தில் எந்த மாற்றமும் இல்லாததால் பிரெஸ்ஸான் என்றும் எழுதினார்.

"கரிபால்டி அந்நியன்கிட்டேருந்து விடுவிச்சாரு. நான் ஹோட்டல்காரன்கிட்டேருந்து விடுவிக்கப் போறேன். இந்த பெஞ்சுல நான் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் என் பசங்க ஒருத்தன்கூட ரித்தீரோவுக்குப் போக மாட்டான். எத்தனை கோல் வாங்கினாலும் சரி. ஆட்டம் முடிஞ்சா அவனவன் வீட்டுக்குப் போவான், பெண்டாட்டி பக்கத்துல படுப்பான். எழுதிக்குங்க. ஆட்டக்காரன் மனுஷன். கோழி இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கழகத் தலைவர் வால்ஃப்ரீதோ ஸ்காப்பின் லேசாகக் கனைத்தார். ஸ்காப்பினுக்குத் தொழில் கோழி. எங்கள் சமவெளியில் பனிமூட்டத்துக்கு அடுத்தபடியாகப் பரந்து கிடப்பவை அவருடைய தகரக் கொட்டகைகள்தான்.

"என் கோழிங்க சந்தோஷமாத்தான் இருக்கு" என்றார் ஸ்காப்பின். நிருபர் அதையும் எழுதிக்கொண்டார்.

ரித்தீரோ என்பது முதலில் பாதிரியார்களின் சொல். வருஷத்துக்கு ஒருமுறை மலைமேல் ஏதாவது மடத்துக்குப் போய், வாயைத் திறக்காமல் இருந்து, பாவங்களை நினைத்துப் பார்த்துவிட்டு வருவார்கள். கால்பந்துக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு மலையையும் மடத்தையும் விட்டுவிட்டார்கள். குழு தொடர்ந்து தோற்றால் தலைவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் மொத்தப் பேரையும் ஊருக்கு வெளியே ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் அடைப்பார். மனைவி கிடையாது, மது கிடையாது. எண்ணெய் விட்ட வெறும் சோறு, காமோமில் பூக் கஷாயம், சீட்டுக்கட்டு. எத்தனை நாள் என்று கேட்டால், 'மறு அறிவிப்பு வரும் வரை' என்று கழகம் ஓர் அறிக்கை விடும். அடைத்து வைத்தால் கால் ஏன் நன்றாக ஆடும் என்பதை இந்த நாட்டில் இதுவரை யாரும் விளக்கியதில்லை. கேட்டதுமில்லை.

பிரெஸ்ஸானுக்கு இதைப் பற்றிப் பேச அருகதை இருந்தது. வாலிபம் முழுவதையும் தடுப்பாட்டக்காரராகக் கழித்தவர். ஸ்டாப்பர். எதிரணியின் முன்வரிசைக்காரன் எவனோ, அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, தன் மூச்சு முதல் விசில் முதல் கடைசி விசில் வரை அவன் கழுத்தில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. கோல் விழாமல் பின்னால் பூட்டிக்கொண்டு ஆடும் பாணிக்கே எங்கள் நாட்டில் தாழ்ப்பாள் என்றுதான் பெயர். அந்தப் பெயரை ஒரு தனிமனிதனுக்குப் பட்டமாகக் கொடுத்தார்கள் என்றால் அவன் எப்படி ஆடியிருப்பான் என்று நீங்களே யூகிக்கலாம். தாழ்ப்பாள் பிரெஸ்ஸானின் மூக்கு ஒருமுறை இடதுபக்கம் உடைந்தது, ஒருமுறை வலதுபக்கம் உடைந்தது. மொத்தத்தில் நேராக இருந்தது. முதல் டிவிஷனில் ஒரே ஒரு பருவம் ஆடினார். அந்தப் பருவத்திலிருந்து நாடு ஞாபகம் வைத்திருப்பது, அவர் தன் சொந்தக் கோலுக்குள்ளேயே தலையால் முட்டி அனுப்பிய பந்தை. கிறிஸ்துமஸ் சமயத்தில் தொலைக்காட்சியில் சிரிப்புக் காட்சிகள் போடும்போது இன்றும் அது வரும். பிரெஸ்ஸான் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார். "எவ்வளவு சுத்தமா முட்டியிருக்கேன் பாரு" என்பார்.

ஆனால் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி மைதானத்தில் கழியவில்லை. ஹோட்டல் அறைகளில், கூரையைப் பார்த்துப் படுத்த நிலையில் கழிந்தது. எந்த ஊர் ஹோட்டலில் எந்த அறைக் கூரையில் எந்த நாட்டின் வடிவத்தில் ஈரக்கறை என்று அவரால் சொல்ல முடியும்.

மாதா கோவில் சதுக்கத்து பாரில் அவரிடம் ஒரு கிளாஸ் வெள்ளை ஒயினைக் கொடுத்தால், தம் பழைய பயிற்சியாளர் கோப்போவின் கதையைச் சொல்வார். எங்கள் நாட்டில் பயிற்சியாளரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் எல்லோரும் கேட்ட கதை. இருந்தாலும் கேட்பார்கள், ஏனென்றால் அவர் நடித்துக் காட்டுவார்.

"மிஸ்டர் தார்ச்சீஸியோ கோப்போ, கடவுள் அவரை வெச்சிருக்கட்டும், திருப்பி மட்டும் அனுப்பாம இருக்கட்டும். வாரம் பூரா எங்கள அடைச்சு வெச்சிருந்தாரு. என் பெண்டாட்டி லொரெதானாவுக்கு நிறைமாசம். ஞாயித்துக்கிழமை காலைல ஆஸ்பத்திரிலேருந்து ஹோட்டலுக்கு போன். அப்ப ஏதுய்யா செல்போன்? வரவேற்பு மேஜைல இருந்த பொண்ணு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கிழவன் கையில குடுத்துருக்கா. சாப்பிட்டுட்டு இருந்தோம். கிழவன் படிச்சான். மடிச்சான். கோட்டுப் பையில வெச்சான். வெச்சிட்டு என்னைப் பாத்து என்ன சொன்னான் தெரியுமா?"

தெரியும். ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"'பிரெஸ்ஸான், அந்த சீஸைக் கொஞ்சம் இப்படித் தள்ளு.'"

பாரே சிரிக்கும். பிரெஸ்ஸான் சிரிக்க மாட்டார்.

"தள்ளினேன்! என் பொண்ணு பொறந்துட்டு இருக்கா, நான் சீஸைத் தள்ளிட்டு இருக்கேன். கடைசி விசில் ஊதினப்புறம் வந்து கட்டிப் பிடிக்கிறான். 'வாழ்த்துக்கள், அப்பா ஆயிட்டே'ன்றான். அதுக்குள்ள அவ பொறந்து, குளிச்சு, பால் குடிச்சு, தூங்கியே போயிட்டா. ரெண்டு பாதியும் என் பொண்ணைப் பையில வெச்சுக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தான்யா அந்தாளு!"

அவர் மனைவி லொரெதானா இந்தக் கதையை வேறு மாதிரி, சுருக்கமாகச் சொல்வாள். "மரீக்காவோட அப்பா மாற்று ஆட்டக்காரரா வந்தாரு. ஆட்டம் முடிஞ்சப்புறம்." அவ்வளவுதான். அதற்கு யாரும் சிரித்ததில்லை.

பிரெஸ்ஸான் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கிய அன்றும் அவள் சுருக்கமாகத்தான் பேசினாள். "என்ன வேணா ஆகிக்கோ. கோப்போ மட்டும் ஆயிடாதே."

"நானா?" என்றார் பிரெஸ்ஸான். உண்மையிலேயே புண்பட்டுப்போனார்.

முதல் இரண்டு கழகங்களிலும் பருவம் முடிவதற்குள்ளேயே நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆர்ஸெலாகோ மூன்றாவது. மூன்றாவது இடத்திலும் விழுந்த பயிற்சியாளரை நான்காவதாக யாரும் கூப்பிடுவதில்லை. அதற்குப் பிறகு மச்சானின் பெயிண்ட் கடைதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மச்சானுக்கும் தெரியும், ஒரு மேஜையைக் காலி செய்துகூட வைத்திருந்தான்.

இலையுதிர்காலத்தில் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஆர்ஸெலாகோ ஜெயித்தது, பையன்கள் வீட்டுக்குப் போனார்கள், கரிபால்டி பெயர் பாரில் மரியாதையோடு அடிபட்டது. அப்புறம் பனிமூட்டம் இறங்கியது. பனிமூட்டம் விலகியபோது குழு அட்டவணையின் அடியில் இருந்தது. வசந்தத்தில் இன்னும் கொஞ்சம் அடியில். கடைசியில் ஒரே ஓர் ஆட்டம் மிச்சம், சொந்த மைதானத்தில். சமன் செய்தால் போதும், பிழைக்கலாம். தோற்றால் தொழில்முறைக் கால்பந்திலிருந்தே இறங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தபால்காரர்களோடும் பல் டாக்டர்களோடும் ஆடவேண்டும்.

திங்கட்கிழமை காலை ஸ்காப்பின் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காரு எஜீதியோ. வரிசையா எத்தனை தோத்திருக்கோம்?"

"நடுவுல ஒண்ணு சமன்ல முடிஞ்சுது."

"அதுலயும் நாமதான் தோத்த மாதிரி இருந்துது. பசங்கள ஹோட்டல்ல போடறோம். இன்னிக்கே."

"கொம்மெந்தாத்தோரே," தலைவருக்குரிய பட்டத்தோடு ஆரம்பித்தார் பிரெஸ்ஸான், "நான் பத்திரிகையில சொல்லியிருக்கேன்."

"நானும்தான் சொன்னேன், மேல் டிவிஷனுக்குப் போவோம்னு. பத்திரிகையில சொன்னதெல்லாம் நடந்தா இந்த ஊர்ல கால்வாய்க்குப் பாலம் வந்திருக்கும்."

"கரிபால்டின்னு வேற சொல்லிட்டேன்."

"கரிபால்டியையும் கடைசில ஒரு தீவுலதான் உட்கார வெச்சாங்க" என்றார் ஸ்காப்பின். "பிடிக்கலேன்னா சொல்லு, ஒண்ணும் வருத்தமில்ல. இளைஞர் அணி மிஸ்டர் வெளியில நிக்கறாரு. ஒரு வாரம்தானே, அவர் பாத்துப்பாரு."

பிரெஸ்ஸான் ஜன்னல் வழியாகப் பார்த்தார். இளைஞர் அணி மிஸ்டர் உண்மையிலேயே நின்றுகொண்டிருந்தார். தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.

"சில நிபந்தனைகள் இருக்கு" என்றார் பிரெஸ்ஸான்.

"சொல்லு."

"ஹோட்டல் கதவு திறந்தே இருக்கணும். செல்போன் பசங்ககிட்டயே இருக்கணும். யார் வேணா எப்ப வேணா வீட்டுக்குப் போகலாம். இதுக்குப் பேரு ரித்தீரோன்னு யாரும் சொல்லக்கூடாது."

"பேரு என்ன வேணா வெச்சுக்கோ. கோழிக்குக்கூட நான் பேரு வெக்கறதுல்ல."

அன்று மாலையே அறிக்கை வந்துவிட்டது. 'ஆர்ஸெலாகோ குழுவினர், மறு அறிவிப்பு வரும் வரை, சேர்ந்திருப்பார்கள்.'

சேர்ந்திருக்கும் இடம் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிக்கு எதிரில் இருந்த பெல் சோஜோர்னோ ஹோட்டல். பெயருக்கு இனிய தங்கல் என்று பொருள். லாரி இரைச்சலுக்காக ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தார்கள், அதனால் எந்த ஜன்னலும் திறக்காது. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் வெனிஸ் நகரம் வரையப்பட்டிருந்தது. ஓவியனுக்குப் பாதியில் நீலம் தீர்ந்துபோனது போலத் தெரிந்தது.

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவன் கோல்கீப்பர் பெகொராரோ. குழுவின் வாய் அவன்தான்.

"மிஸ்டர், இது ரித்தீரோதானே?"

"இல்ல. சேர்ந்திருத்தல்."

"அப்ப வீட்டுக்குப் போலாமா?"

"தாராளமா."

"அப்ப நான் கெளம்பறேன்."

"கெளம்பு. தலைவர் வாசல்ல கார்ல உட்கார்ந்திருக்காரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ, அவ்வளவுதான்."

பெகொராரோ காரைப் பார்த்தான். பிறகு தன் பையைத் தூக்கிக்கொண்டு, தலையை முன்னும் பின்னும் ஆட்டியபடி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து உள்ளே போனான். வரவேற்பு மேஜையைக் கடக்கும்போது "கொக் கொக்" என்றான். பின்னால் வந்த எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து பிரெஸ்ஸான் எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு கோழி மெதுவாகக் கொக்கரித்தது.

கடைசியாக இறங்கியவன் லோரிஸ் ஃபந்தூஸ். ஸ்டாப்பர். கைகால் நீண்ட, அதிகம் பேசாத பையன். குழுவில் மூன்று ஸ்டாப்பர்கள் உண்டு. ஒருவனுக்கு மஞ்சள் அட்டைகள் சேர்ந்து தடை. இன்னொருவனுக்கு முழங்கால் வீங்கித் தர்பூசணி மாதிரி இருந்தது. மிச்சம் லோரிஸ். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற எதிரணியில் ஒரு முன்வரிசைக்காரன் இருந்தான், டிவிஷன் முழுவதும் அவனை அலமாரி என்றுதான் கூப்பிட்டது. அந்த அலமாரியை நகர்த்தக்கூடிய ஒரே ஆள் லோரிஸ்.

"மிஸ்டர்" என்றான் லோரிஸ். "வீட்ல மீலெனாவுக்கு இந்த வாரம்தான் பிரசவத் தேதி குடுத்திருக்காங்க."

பிரெஸ்ஸான் அவன் தோளில் கையைப் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"டேய் லோரிஸ், நான் யாரு? கோப்போவா?"

"இல்ல மிஸ்டர்."

"போன் வந்த அதே நிமிஷம் என் கார் சாவி உன் கையில. ஆட்டத்துக்கு நடுவுல வந்தாலும் சரி. பந்து உன் காலுல இருந்தா அப்படியே அவுட்டுக்கு ஒதைச்சுட்டு ஓடு. போதுமா?"

லோரிஸின் காது சிவந்தது. "தேங்க்ஸ் மிஸ்டர்" என்றான். பெகொராரோகூட அந்த ஒரு நிமிஷம் கொக்கரிக்கவில்லை.

புதன்கிழமை, ஞாயிற்றுக்கிழமை ஆடப்போகிற பதினொரு பேரின் பெயர்கள் பாரில் அடிபட்டன. யாரோ போனில் காதலிக்குச் சொல்லி, காதலி அம்மாவுக்குச் சொல்லி, அம்மா முடிதிருத்தும் கடையில் சொல்லிவிட்டாள். ஸ்காப்பின் போன் செய்து கத்தினார். பிரெஸ்ஸான் சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டிக் கூடையைக் காலி செய்து கையில் எடுத்துக்கொண்டார்.

"யாரையும் கட்டாயப்படுத்தல. விருப்பம் இருக்கறவங்க போனை இந்தக் கூடையில போடலாம். விருப்பம் இல்லாதவங்க பேரை மட்டும் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

எல்லோருக்கும் விருப்பம் இருந்தது. லோரிஸ் மட்டும் போனைக் கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மிஸ்டர், மீலெனா கூப்பிட்டா?"

"லொரெதானா அவளோடதானே இருக்கா? தெனம் போய்ப் பாக்கறா. வலி எடுத்தா லொரெதானா எனக்கு அடிப்பா. என் போன் என் பையில. நான் உன்கிட்ட சொல்றேன். போப்பாண்டவருக்குக்கூட இவ்வளவு நேர் லைன் கிடையாது."

லோரிஸ் போனைக் கூடையில் வைத்தான். போட்டான் என்று சொல்லக்கூடாது. முட்டையை வைப்பது போல வைத்தான்.

வியாழக்கிழமை நடுக்களக்காரர்கள் இருவர் பின்கதவு வழியாகப் போய், நெடுஞ்சாலை பாரில் பன்றிக்கறி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்ததை ஒரு ரசிகன் படமெடுத்துவிட்டான். அன்று மத்தியானம் பிரெஸ்ஸான் ஹோட்டலை நடத்தும் இனேஸ் அம்மாளிடம், பின்கதவு வழியாகக் காற்று வருகிறது, பையன்களுக்குச் சளி பிடிக்கும் என்றார்.

"இத்தனை வருஷமா காத்து வந்துட்டுதான் இருக்கு" என்றாள் இனேஸ்.

"இந்த வாரம் ரொம்ப வருது."

அவரே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினார். பழைய இரும்புத் தாழ்ப்பாள். எண்ணெய் போட்டு நாளானதால் ஹோட்டல் முழுவதும் கேட்கும்படி ஒலித்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பெகொராரோ எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"பாத்துக்குங்கடா. தாழ்ப்பாளே தாழ்ப்பாள் போடுது."

அன்று சாயங்காலம் லொரெதானா போனில் கேட்டாள், "ரித்தீரோ எப்படி இருக்கு?"

"சேர்ந்திருத்தல்."

"கதவு திறந்திருக்கா?"

"காத்து வருதுன்னு கொஞ்சம் சாத்தியிருக்கோம்."

"பசங்க போன்?"

"விருப்பப்பட்டுக் குடுத்தாங்க."

"சாப்பாட்டுக்கு எண்ணெய் சோறுதானா?" என்றாள்.

"சீஸ் தூவறாங்க."

"முன்னேற்றம்தான்" என்றாள் லொரெதானா. வைத்துவிட்டாள்.

பையன்கள் பழகிவிட்டார்கள். சீட்டாடினார்கள், மத்தியானம் தூங்கினார்கள். வீட்டில் இரட்டைக் குழந்தைகள் இருக்கிற பெகொராரோ, வருஷக்கணக்கில் இப்படித் தூங்கியதில்லை என்று ரகசியமாக ஒப்புக்கொண்டான். மூச்சு முட்டியது பிரெஸ்ஸானுக்குத்தான். சாவிகளெல்லாம் அவர் கையில் இருந்தன, ஆனால் வாசலில் ஸ்காப்பினின் கார் நின்றது. அவர் தன் அறை ஜன்னலில், திறக்காத கண்ணாடிக்குப் பின்னால் நின்று சுங்கச்சாவடியைப் பார்த்தார். தடுப்புக்கட்டை எழும், ஒரு கார் போகும், தடுப்புக்கட்டை விழும். போகிறவர்கள் எல்லோரும் எங்கோ போனார்கள். சீட்டாடலாம் என்று கீழே போனால், மேஜைகளில் ஜோடி சேர்ந்துவிட்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது, கோழி கொக்கரித்தது. கோப்போவும் இப்படித் தனியாக உட்கார்ந்திருந்ததை எப்போதோ பார்த்தது நினைவுக்கு வந்தது. அதை அவர் பாரில் ஒருநாளும் சொன்னதில்லை. சிரிப்பு வராது.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் லோரிஸ் அபாரமாக இருந்தான். அலமாரியின் உயரத்துக்கு ஓர் ஆளைக் கண்டுபிடித்து எதிரே நிறுத்தியிருந்தார்கள். லோரிஸ் அவனைத் திரும்பவே விடவில்லை. முதுகோடு ஒட்டிக்கொண்டான். பிரெஸ்ஸான் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். தாமே ஆடுவது போலத் தோள் தானாக அசைந்தது. பிறகு பரீட்சைக்காக லோரிஸை எடுத்துவிட்டு அவன் இடத்தில் வேறு ஒருவனை நிறுத்திப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே பெகொராரோ கோல் வலைக்குள்ளிருந்து பந்தைப் பொறுக்கிக்கொண்டு, "மிஸ்டர், அவனைத் திருப்பிக் குடுங்க, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வலிக்குது" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். பிரெஸ்ஸான் சிரிக்கவில்லை. அவருக்கு மச்சான் காலி செய்து வைத்திருந்த மேஜை தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குத் தலைவர் தன் செலவில் கோழி அனுப்பினார். பெகொராரோ ஒரு கோழிக்காலைத் தூக்கிப் பார்த்து, "பாவம், இவனும் தொடர்ந்து தோத்திருப்பான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மத்தியானம். அதனால் சாப்பாட்டைக் காலையிலேயே போட்டுவிடுவார்கள். பிரெஸ்ஸான் மாடியிலிருந்து கீழே இறங்கக் கிளம்பியபோது பையில் போன் அதிர்ந்தது. லொரெதானா.

"ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். பின்னால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் சத்தம். "பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. ரெண்டு மணிக்குள்ள ஆயிடும்ன்றா டாக்டரம்மா. லோரிஸை அனுப்பு, அரை மணில வந்துடலாம்."

"மீலெனா எப்படி இருக்கா?"

"கத்தறா. அவன் பரம்பரையையே திட்டறா. நல்லாத்தான் இருக்கா."

"சரி."

"சரின்னா?"

"சொல்றேன்."

"இப்பவே சொல்றியா?"

"கீழதான் போறேன். சாப்பிட்டுட்டு இருக்கான்."

"எஜீதியோ."

"ம்."

"ஒண்ணுமில்ல. போய்ச் சொல்லு."

பிரெஸ்ஸான் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினார். சொல்வதற்காகத்தான் இறங்கினார், அதில் சந்தேகம் வேண்டாம். கூடத்தில் லோரிஸ், பாதி நீலமான வெனிஸுக்குக் கீழே உட்கார்ந்து, சோற்றை முள்கரண்டியால் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தான். தலைமேஜையில் ஸ்காப்பின், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில்.

"எல்லாம் சரியா இருக்கா எஜீதியோ?"

"எல்லாம் சரியா இருக்கு."

வெறும் வயிற்றோடு வண்டி ஓட்டக்கூடாது, சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தார். நியாயமான நினைப்பு. லோரிஸ் சாப்பிட்டு முடித்தான். நடுக்கூட்டத்தில் எழுப்பிக்கொண்டு போனால் மற்றவர்கள் மனம் கலையும், ஆட்டத் திட்டத்தை விளக்கி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார். அதுவும் நியாயம்தான். பலகையில் பதினொரு வட்டங்களைப் போட்டார். நடுவில் இருந்த வட்டத்துக்கு வந்ததும் சாக்குக்கட்டி ஒரு கணம் நின்றது, பிறகு லோரிஸ் என்று எழுதியது. முதல் பிரசவம், எப்படியும் இழுக்கும். டாக்டர்கள் சொல்வது எப்போது நடந்திருக்கிறது? பஸ் ஏறும்போது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும், யாரையாவது வெறுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார். ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. அடுத்த வேலை எதுவோ அதைச் செய்துகொண்டு போனால் போதும்.

பையன்கள் பைகளோடு வெளியே போனார்கள். கூடம் காலியானது. வரவேற்பு மேஜைக்குப் பின்னால், துணி போட்டு மூடிய கூடையில் செல்போன்கள் இருந்தன. அவர் பையில் மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். லொரெதானா. நின்றது. மறுபடி அதிர்ந்தது. லொரெதானா. அவர் அதை அணைத்தார். துணியை விலக்கி, மற்ற போன்களுக்கு நடுவில் வைத்து, துணியை இழுத்து ஓரங்களைச் செருகினார்.

"உங்களோடதுமா?" என்றாள் இனேஸ்.

"எல்லாருக்கும் ஒரே விதி" என்றார் பிரெஸ்ஸான்.

பஸ்ஸில் லோரிஸ் வழக்கமான இடத்தில், முன்வரிசைக்கு அடுத்த ஜன்னலோரத்தில் இருந்தான். அவர் படியேறியதும் முன்னால் சாய்ந்தான்.

"மிஸ்டர், லொரெதானாக்கா ஏதாவது கூப்பிட்டாங்களா?"

பிரெஸ்ஸான் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் காலைப் பார்த்தார்.

"அலமாரி இடது காலுலதான் திரும்புவான். வலதுபக்கம் மட்டும் காட்டு, அந்தப் பக்கம் அவனுக்கு ஒண்ணும் வராது. மூச்சு விடற தூரத்துலயே நில்லு."

"சரி மிஸ்டர்" என்றான் லோரிஸ்.

பிரெஸ்ஸான் டிரைவருக்குத் தலையசைத்தார். பிறகு தம் இருக்கையிலிருந்து எட்டி, பஸ் கதவைச் சத்தமில்லாமல் உள்பக்கமாக இழுத்துச் சாத்தினார்.